வலி கூடிவிட்டதா, மாத்திரை இறங்குகிறதா? நீண்ட நாள் வலி மாத்திரை எடுப்பவர்களுக்கான வழிகாட்டி

விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி நீட்டுவார், மடக்குவார். "கண்ணு, எலும்புக்குள்ளாற என்னமோ ஊர்ற மாதிரி இருக்குது. காலை எங்க வெக்கறதுன்னே தெரியல" என்பார். இடுப்பில் டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து அப்போது நான்கு வருடம். பழைய இடத்திலேயே மறுபடி ஏதோ கோளாறு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இரண்டிலும் புதிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் ஸ்கேனைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போடறீங்கம்மா?" ஏழு மணிக்கு. "காலையில முதல் மாத்திரை?" எட்டு மணிக்கு. "விடியக்காலம் கொட்டாவி நிறைய வருதுங்களா? மூக்கு ஒழுகுதா?" அம்மா ஆச்சரியத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டும் இருந்தன. மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் விக்ஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எடுத்துக்கொண்டிருந்தது டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு. இரவு ஏழுக்கும் காலை எட்டுக்கும் நடுவே பதின்மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் மருந்து உடம்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு வந்த வேதனையில் பெரும்பகுதி அந்த இறக்கத்தால் வந்தது. மருத்துவர்கள் இதை 'வித்ட்ராயல்' என்பார்கள். தமிழில் மருந்து விலகல் என்று எழுதுகிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்காகக் கேட்டும் படித்தும் பக்கத்திலிருந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை, இதே குழப்பத்தில் இருக்கும் இன்னொரு வீட்டுக்குப் பயன்படும்படி வரிசையாக எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு ஓபியாய்டு (அபின் குடும்பத்து வலிநிவாரணி) வகை மருந்தைத் திடீரென நிறுத்துவதால் கடும் விலகல் அறிகுறிகள், அடங்காத வலி, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் எச்சரித்தது. இங்கே சொல்வதெல்லாம் கண்டுபிடிப்பதற்கான வழி மட்டும். மருந்தை மாற்றுவது மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

1. முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

'வலி மாத்திரை' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல சாதிகள் உண்டு. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்து ஒரு தாளில் எழுதுங்கள். முன்பக்கம் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயர் இந்த வேலைக்கு உதவாது.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இவை மட்டும்தான் இருக்கின்றன என்றால், இங்கே பேசும் விலகல் இவற்றால் வருவதில்லை. (தலைவலிக்காரர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.) வயிற்றுப் புண், சிறுநீரகம் என்று இவற்றுக்கு வேறு ஆபத்துகள் இருக்கின்றன. ஆனால் நிறுத்தினால் கொட்டாவியும் கால் குடைச்சலும் வராது.

டிரமடால், டாபென்டடால், கோடீன், மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, பியூப்ரினார்ஃபின் பட்டை இவை ஓபியாய்டுகள். இவற்றில் ஒன்றைச் சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்திருந்தால் விலகல் வர வாய்ப்பு உண்டு. டிரமடால் பெரும்பாலும் பாராசிட்டமாலோடு சேர்ந்தே வருவதால், 'பாராசிட்டமால்தானே' என்று ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அதே சீட்டில் வேறு சில மருந்துகளும் இருக்கலாம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின், தசை இறுக்கத்துக்கான பேக்ளோஃபென், தூக்கத்துக்கு என்று கொடுத்த அல்பிரஸோலம், குளோனஸிபாம். இவை ஓபியாய்டுகள் அல்ல. ஆனாலும் இவற்றையும் திடீரென நிறுத்தினால் விலகல் வரும். பேக்ளோஃபெனும் அல்பிரஸோலம் வகையும் நின்றால் வலிப்பே வரலாம். அதனால் பட்டியலில் எல்லாவற்றையும் எழுதுங்கள். எதை எப்போது தொடங்கியது, நடுவில் எதை யார் நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தியாவில் 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கத் தயங்குகிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் பல வீடுகளில் விலகல் முதன்முதலாக முகம் காட்டுவது அப்படி மாத்திரை கிடைக்காமல் போன ஒரு சனி, ஞாயிறில்தான். திங்கள்கிழமை வரை சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர் ஞாயிறு காலையில் வியர்த்து நடுங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுப்பார்கள்.

2. உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது

பொங்கலுக்கு ஊரில் வடம் இழுக்கும் போட்டி வைப்பார்கள். ஒரு பக்கம் பலமாக இழுக்க இழுக்க, நிலைகுலையாமல் இருக்க எதிர்ப்பக்கம் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கும். ஓபியாய்டு மருந்து வலியை மட்டும் அடக்குவதில்லை. மூளையில் விழிப்பையும் படபடப்பையும் கிளப்பும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தையும் அடக்கி வைக்கிறது, குடலின் ஓட்டத்தையும் மெதுவாக்குகிறது. மாதக்கணக்கில் இது நடக்கும்போது உடம்பு எதிர்ப்பக்கம் காலை ஊன்றிக்கொள்கிறது. மருந்து இறங்கும்போது இந்தப் பக்கம் கயிற்றை விட்டது போல ஆகிவிடும். அடங்கியிருந்ததெல்லாம் மொத்தமாக மறுபக்கம் சாய்கிறது. மலச்சிக்கல் இருந்தவருக்கு வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம் இருந்தவருக்கு உறக்கமின்மை, மரத்திருந்த இடத்தில் வலி.

டிரமடாலிடம் இன்னொரு குணமும் உண்டு. அது செரோடோனின் என்ற மூளை ரசாயனம், நார்அட்ரினலின் இரண்டையும் மனச்சோர்வு மாத்திரைகளைப் போலவே தொடுகிறது. அதனால் டிரமடால் விலகலில் சிலருக்கு வழக்கமான அறிகுறிகளோடு காரணமில்லாத பயம், உள்ளங்கை உள்ளங்காலில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது போன்றவையும் வரலாம். வயதானவருக்கு இப்படி நேர்ந்தால் 'மறதி நோய் ஆரம்பிச்சிருச்சு' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் விலகல் என்று சொன்ன அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. "நான் என்ன குடிகாரியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, எழுதிக் கொடுத்த அளவில் எடுத்தவரின் உடம்பு அதற்குப் பழகிப்போவது உடம்பின் இயல்பு. அதற்குப் பெயர் உடல் சார்ந்திருத்தல். அடிமையாதல் என்பது வேறு. மருந்தின் மேல் அடக்க முடியாத வேட்கை, கேடு தெரிந்தும் தேடித் தேடி எடுப்பது, ஒளித்து வைப்பது, அளவு கையை மீறிப் போவது இவை அதன் அடையாளங்கள். ஒருவருக்கு முதலாவது மட்டும் இருக்கலாம். இரண்டும் இருந்தாலும் அது நோய்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வெட்கப்படுகிறவர் உண்மையான மாத்திரைக் கணக்கைச் சொல்ல மாட்டார். அப்புறம் கீழே சொல்லும் எதுவும் நடக்காது.

3. இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரண்டு வாரத்துக்கு மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றாமல், நடப்பதை நடக்கிறபடியே எழுதுங்கள்.

ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மணிக்கு வாய்க்குள் போனது என்று எழுதுங்கள். 'காலையில்' என்று எழுதாமல் 8.10 என்று எழுத வேண்டும். வேதனை கூடும்போதெல்லாம் நேரம், இடம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். அது எப்படிப்பட்ட வலி என்று அவரவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். நம்மிடம் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! சுளீர், குத்தல், எரிச்சல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, மதமதப்பு. இவற்றில் ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தகவல். 'வலி' என்று மட்டும் எழுதினால் அத்தனையும் போய்விடும். அதற்கு முன் என்ன செய்தார் என்பதும் வேண்டும்: குடம் தூக்கினாரா, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தாரா, ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாரா. கடைசியாக, வலி தவிர உடம்பில் வேறு என்ன இருந்தது என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது.

அம்மாவின் நோட்டில் ஒரு நாள்: "5.00. ரெண்டு காலும் குடைச்சல், 7. கொட்டாவி. கண்ணுல தண்ணி. வயிறு கலக்குது. கடைசி மாத்திரை நேத்து 7.00." அதே நாள் மாலை: "4.30. வலது பக்கம் இடுப்புல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் சுளீர்னு இழுக்குது, 6. துணி துவைச்சேன். வேற ஒண்ணும் இல்ல. படுத்தா கொறையுது." இரண்டையும் அவர் 'கால் வலி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும்தான் இரண்டும் வேறு வேறு என்று எங்களுக்கே தெரிந்தது.

எழுத முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் எழுதலாம், போனில் குரலைப் பதிவு செய்தும் வைக்கலாம். ஆனால் கூட இருப்பவர் 'இது வித்ட்ராயலா பாரு' என்று நச்சரிக்கக் கூடாது. அப்படிக் கேட்கக் கேட்க எல்லாமே அப்படித்தான் தோன்றும்.

4. கடிகாரத்தோடு சேர்த்துப் படியுங்கள்

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டை எடுத்து, வேதனை வந்த ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே 'கடைசி மாத்திரைக்குப் பிறகு எத்தனை மணி நேரம்' என்று கணக்குப் போட்டு எழுதுங்கள்.

சாதாரண டிரமடாலின் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். டாபென்டடாலுக்கு அதைவிடக் குறைவு. இப்படிக் குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டுகளில் விலகல் பொதுவாகக் கடைசி அளவுக்குப் பின் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். மருந்து முழுவதுமாக நின்றுபோனால் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், நான்கிலிருந்து பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். தினமும் எடுப்பவருக்கு அவ்வளவு தூரம் போகாது. இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே உள்ள நீண்ட இடைவெளியின் கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மாத்திரை போட்டதும் போய்விடும். அதனால்தான் விடியற்காலை.

எஸ்.ஆர். என்று போட்ட, மெதுவாகக் கரையும் மாத்திரையில் இந்த நேரங்கள் தள்ளிப்போகும். ஃபென்டனில் பட்டையை வழக்கமாக மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மூன்றாம் நாள் மாலை மட்டும் நிலைகொள்ளாமல் தவிக்கிறார் என்றால் அதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

பழைய நோயின் வலி கடிகாரத்தைவிட வேலையைப் பின்தொடரும். குனிந்தால், தூக்கினால், நெடுநேரம் உட்கார்ந்தால் கூடும். மூட்டுத் தேய்மானம் நடக்க நடக்க வலிக்கும். வாதம் சார்ந்த மூட்டு அழற்சி காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விறைப்பாக இருந்துவிட்டு, நடமாடியதும் இளகும். இந்தக் கடைசி வகை குழப்பம் உண்டாக்கும், ஏனென்றால் அதுவும் காலையில்தான் வருகிறது. அங்கே மூட்டு வீங்கியிருக்கும், சூடாக இருக்கும். கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் இருக்காது.

பலரும் வைக்கும் ஒரு பரிசோதனை: 'மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது, அப்படியென்றால் அது வலிதானே?' இதை நம்பாதீர்கள். வலியும் மாத்திரையால் குறையும், விலகலும் மாத்திரையால் குறையும். கவனிக்க வேண்டியது, வலியோடு சேர்ந்து வேறு எதெல்லாம் குறைந்தது என்பது. அம்மாவுக்கு எட்டு மணி மாத்திரைக்குப் பின் ஒன்பதரைக்குள் குடைச்சல், கொட்டாவி, மூக்கு, வயிறு, எரிச்சலான பேச்சு எல்லாமே ஒன்றாக அடங்கிவிடும். டிஸ்க் வலி எதுவும் மூக்கொழுகலைக் கூட்டிக்கொண்டு வராது.

5. உடம்பின் மற்ற பாகங்களைக் கேளுங்கள்

விலகலை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பட்டியல் ஒன்றில் பதினொரு விஷயங்கள் இருக்கின்றன: நாடித்துடிப்பு, வியர்வை, நிலைகொள்ளாமை, கண்பாப்பாவின் அளவு, எலும்பு மூட்டு வலி, மூக்கிலும் கண்ணிலும் நீர், வயிற்றுக் கோளாறு, கை நடுக்கம், கொட்டாவி, பதற்றமும் எரிச்சலும், புல்லரிப்பு. பதினொன்றில் வலிக்கு ஒரே ஒரு இடம்தான் என்பதைப் பாருங்கள். வலி மட்டும் தனியாக வந்தால் சந்தேகம் குறைவு. நாலைந்து கூட்டாளிகளோடு வந்தால் சந்தேகம் அதிகம்.

வீட்டில் எளிதாகப் பார்க்கக்கூடியவை கொட்டாவி, புல்லரிப்பு, கண்பாப்பா. தூக்கம் வராமல் தவிக்கிறவருக்கு அடுத்தடுத்து கொட்டாவி வருவது வினோதமான சேர்க்கை. வேறு பல நோய்களில் அதைப் பார்க்க முடியாது. கையில் ரோமம் குத்திட்டு நிற்பதை விரலால் தடவினாலே தெரியும். ஓபியாய்டு வேலை செய்யும்போது கண்பாப்பா சுருங்கியிருக்கும், இறங்கும்போது விரியும். ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில், மாத்திரைக்கு முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம். கண்புரை அறுவை செய்தவருக்கு இதை நம்ப வேண்டாம்.

காய்ச்சல் 101-ஐத் தாண்டினால் விலகல் என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். நம் ஊரில் டெங்கு இருக்கிறது, சிறுநீர்த் தொற்று இருக்கிறது. அவையும் எலும்பெல்லாம் முறிப்பது போல வலிக்கும்.

6. வலியின் குணமும், ஏமாற்றும் நான்கு இடங்களும்

விலகல் வலிக்கு எல்லை கிடையாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், கால்களில் அதிகம். எந்த நிலையில் படுத்தாலும் ஒத்துக்கொள்ளாது. அமுக்கிவிடச் சொல்வார், அமுக்கினால் வேண்டாம் என்பார். பழைய நோயின் வலிக்கு ஒரு முகவரி உண்டு, விரலால் சுட்டிக்காட்ட முடியும். அதற்கென்று ஒத்துக்கொள்ளும் ஒரு படுக்கை நிலையும் இருக்கும்.

ஆனால் இவ்வளவு சுலபமாக எல்லா நேரமும் பிரித்துவிட முடியாது.

ஒன்று, ஆறிப்போன பழைய காயம் விலகலின்போது மறுபடி வலிக்கும். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. ஐம்பது வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாத அந்தக் கை, மாத்திரை குறைத்த முதல் மாதம் இரவெல்லாம் வலித்தது. வருடக்கணக்கில் மறந்திருந்த இடங்கள் விலகலின்போது மட்டும் வலித்து, பிறகு தானாக மறைவதைக் கனடாவில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் 'ஆபரேஷன் பண்ணின இடத்திலேயே வலிக்கிறது, அப்போது இது வித்ட்ராயலாக இருக்க முடியாது' என்ற முடிவு தவறாகலாம்.

இரண்டு, மருந்தே வலியைக் கூட்டுவது. சிலருக்கு ஓபியாய்டை நெடுநாள் எடுக்க எடுக்க நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. வலி பழைய எல்லையைத் தாண்டிப் பரவும், போர்வை பட்டாலே கூசும், அளவைக் கூட்டினால் குறைவதற்குப் பதில் அதிகமாகும். இது மருந்து இறங்கும் நேரத்தில் மட்டும் இல்லாமல் நாள் முழுக்க இருக்கும்.

மூன்று, மருந்து பழகிப்போய் அதன் பலன் குறைவது. அங்கே கூட்டாளி அறிகுறிகள் இல்லாமல் வலி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் திரும்பும். நோய் முற்றினாலும் இப்படித்தான் தெரியும் என்பதால், இதை வீட்டில் பிரிக்க முடியாது. பரிசோதனை தேவை.

நான்காவது, நான் அதிகம் பார்த்தது: இரண்டும் சேர்ந்தே இருப்பது. அம்மாவுக்கு வலது கால் நரம்பு வலி உண்மை. விடியற்காலைக் குடைச்சலும் உண்மை. 'எல்லாம் வித்ட்ராயல்தான், வலியே கிடையாது' என்று யாராவது சொன்னால் அது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

தலைவலிக்கு மட்டும் தனிக் கணக்கு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றையும், 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் (ஒற்றைத் தலைவலி மருந்து), ஓபியாய்டு, கூட்டு மாத்திரைகளையும் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரைகளே தினசரித் தலைவலியை உண்டாக்கலாம். காலண்டரில் மாத்திரை போட்ட நாளெல்லாம் ஒரு புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தாண்டியிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அந்தக் காலண்டரையே கொண்டுபோங்கள்.

7. நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

சிறுநீர் பிரியாமல் நிற்பது, அல்லது தெரியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது. இவை முதுகுத்தண்டில் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை. நெஞ்சு வலியை எந்தக் காரணத்துக்காகவும் விலகல் கணக்கில் எழுதாதீர்கள்.

வலிப்பு வந்தாலோ, குழப்பத்தோடு உடம்பு கொதித்து நடுங்கி விறைத்தாலோ 108-ஐ அழையுங்கள். டிரமடாலால் வலிப்பு வரலாம். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேரும்போது செரோடோனின் அளவுக்கு மீறுவதும் உண்டு. எழுப்ப முடியாத தூக்கம், மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு இவை அளவு மிஞ்சியதன் அறிகுறி. விடாத வாந்தி, வயிற்றுப்போக்கில் வயதானவர்கள் நீரிழந்து சரிந்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கு விலகல் கருவையும் பாதிக்கும், அவர் மருத்துவர் துணையின்றி ஒரு வேளையைக்கூட விடக் கூடாது.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

8. மருத்துவரிடம் என்ன சொல்வது

ஒரே மருத்துவரிடம், எல்லா மருந்தின் பட்டியலோடும், நோட்டோடும் போங்கள். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். நாங்கள் சொன்னது இது: "நான்கு வருடமாக தினம் 150 மில்லிகிராம் டிரமடால். கடைசி மாத்திரைக்குப் பத்து மணி நேரம் கழித்து, இரண்டு வாரத்தில் பதினொரு நாள், கொட்டாவி, மூக்கொழுகலோடு கால் குடைச்சல். மாலையில் வேலை செய்தால் வலது கால் வலி, அது தனி." எத்தனை மாத்திரை என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நடுவில் இரண்டு கூடுதலாகப் போட்ட நாள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் கேட்க வேண்டியவை: மாத்திரை நேரங்களை மாற்றி அமைக்கலாமா? மெதுவாகக் கரையும் வகைக்கு மாறலாமா? நோயின் வலிக்கு மட்டும் வேறு வழி, உடற்பயிற்சியோ நரம்பு வலி மருந்தோ, உண்டா? குறைப்பதென்றால் எவ்வளவு வேகத்தில்?

எங்கள் மருத்துவர் முதலில் அளவைத் தொடவே இல்லை. கடைசி மாத்திரையை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குத் தள்ளினார். நான்காம் நாள் அம்மாவின் ஐந்து மணிக் குடைச்சல் காணாமல் போனது. ஏழரை மணிக்கு மேல் லேசாக எட்டிப் பார்த்தது. மாலை வலி இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே இருந்தது. ஒரு ஸ்கேனும் சொல்லாததை நேரத்தை நகர்த்தியது சொல்லிவிட்டது.

குறைக்க முடிவானால் அவசரம் வேண்டாம். ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கிக்கொள்ள எளிது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். படபடப்பு, வியர்வைக்குக் குளோனிடின் போன்ற மருந்தை மருத்துவர் தரலாம், அதில் ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் நீங்களாக எடுக்கக் கூடாது. எஸ்.ஆர். மாத்திரையை உங்கள் கணக்குக்கு உடைக்காதீர்கள், மெதுவாக இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். இன்னொன்று உயிர் போகிற விஷயம்: குறைத்த பின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரு மோசமான இரவில் பழைய கணக்குக்கே திரும்பிப் போட்டால் மூச்சு அடங்கிவிடலாம்.

குறைக்கும் காலத்திலும் நோட்டு தொடர வேண்டும். ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் சில நாள் வலி கூடும். அது கூட்டாளிகளோடு வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக இறங்கினால் பெரும்பாலும் விலகல். வாரங்கள் கடந்தும் இறங்காமல், பழைய முகவரியிலேயே நின்று, வேலை செய்தால் கூடுகிறது என்றால் நோயின் வலிக்குச் சரியான மருந்து இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது குறைப்பதை நிறுத்தி அந்த வலியைக் கவனிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவரின் மாத்திரையைப் பயத்தில் குறைக்கவே கூடாது, அவருக்கு நேரம் தவறாமல் கிடைப்பதுதான் முக்கியம்.

அளவு கையை மீறிவிட்டது, மறைத்து எடுக்கிறார் என்றால் 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் சென்னை டி.டி.கே. மருத்துவமனையிலும் இதற்கென்றே தனி சிகிச்சை இருக்கிறது.

அம்மா இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை மாத்திரையில் இருக்கிறார். நான்கிலிருந்து இங்கே வர பதினாறு மாதம் ஆனது, நடுவில் இரண்டு முறை நிறுத்தி வைத்தோம். மூன்றாவது நோட்டு ஓடுகிறது. போன வாரம் அதில் எழுதியிருந்தார்: "5.30. முழிப்பு வந்துச்சு. சேவல் கூவுச்சு. கால் சும்மா இருக்குது."